14 நாளில் நகர வேண்டிய வீடு: இங்கிலாந்துப் படகுக்காரர்களுக்காகப் பேசுவது யார்?

[திரையில்: பனிமூட்டத்தில் ஒரு நீளமான படகு. கூரையில் விறகுக் கட்டு, சைக்கிள், பூந்தொட்டி.]

இந்தப் படகு ஒரு குடும்பத்தின் வீடு. உள்ளே விறகடுப்பு எரிகிறது. பிள்ளையின் பள்ளிக்கூடப் பை ஆணியில் தொங்குகிறது. பொதுவாக 14 நாளுக்கு மேல் இந்த வீடு ஒரே இடத்தில் நிற்கக் கூடாது. நகராமலே இருந்தால் உரிமம் பறிபோகும்; விவகாரம் முற்றினால் நீதிமன்ற ஆணையோடு வந்து வீட்டையே அப்புறப்படுத்திவிடுவார்கள்.

வணக்கம். இங்கிலாந்து, வேல்ஸ் கால்வாய்களில் படகு வைத்திருப்பவர்கள் தங்கள் உரிமைக்காக எப்படிக் குரல் கொடுத்தார்கள் என்று இன்று பார்க்கப் போகிறோம். நடுவில் ஒரு பாலத்தின் கதை வருகிறது. அதற்காகவே இந்த வீடியோவை எடுத்தேன்.

முன்கதையை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். 18ஆம் நூற்றாண்டில் நிலக்கரி ஏற்றிச் செல்ல வெட்டிய கால்வாய்கள். ரயில் வந்ததும் நொடித்துப்போயின. 1948இல் பெரும்பாலானவை அரசுடைமை ஆயின. 2012 முதல் சுமார் 2,000 மைல் நீர்வழியைக் ‘கெனால் அண்ட் ரிவர் டிரஸ்ட்’ என்ற அறக்கட்டளை பராமரிக்கிறது. அவ்வளவுதான்.

இப்போது பாலம்.

[திரையில்: பர்மிங்காம் வரைபடம். கிங்ஸ் நார்ட்டன் என்ற இடம் பெரிதாகிறது.]

ஆண்டு 1947. ஸ்ட்ராட்ஃபோர்ட் கால்வாயின் குறுக்கே லிஃபோர்ட் லேன் என்ற இடத்தில் முன்பு ஒரு தூக்குப் பாலம் இருந்தது. படகு வந்தால் பாலத்தைத் தூக்கி வழிவிடுவார்கள். பிறகு அந்த இடத்தில் அசையாத தாழ்வான பாலத்தைப் போட்டுவிட்டார்கள். கால்வாய் அப்போது கிரேட் வெஸ்டர்ன் ரயில்வேயின் கையில் இருந்தது. சட்டப்படி அந்த வழியில் படகு விட எவருக்கும் உரிமை உண்டு. பாலத்துக்கு அடியில்தான் எந்தப் படகும் நுழைய முடியாது!

அதற்கு முந்தைய ஆண்டு, 1946இல், உள்நாட்டு நீர்வழிகளைக் காப்பாற்றுவதற்காக ஒரு சங்கம் தொடங்கியிருந்தது. அதன் நிறுவனர்களில் டாம் ரோல்ட், ராபர்ட் ஐக்மன் இருவரும் முக்கியமானவர்கள். ரோல்ட் ‘கிரெஸ்ஸி’ என்ற படகில் குடியிருந்தவர். நாடாளுமன்றத்தின் மேலவையான பிரபுக்கள் சபையில் மெத்வின் பிரபு இந்தப் பாலத்தைப் பற்றிக் கேள்வி எழுப்பினார். முன்கூட்டித் தெரிவித்தால் பாலத்தைத் தூக்கித் தருவோம் என்று பதில் வந்தது. யார் வரப் போகிறார்கள் என்ற தைரியத்தில் சொன்ன பதிலாகவே எனக்குப் படுகிறது.

ரோல்ட் உடனே எழுதிப் போட்டார்: நான் வருகிறேன்.

சொன்னபடி கிரெஸ்ஸியோடு வந்து நின்றார். ரயில்வே ஆட்கள் ஜாக்கி வைத்துப் பாலத்தைத் தூக்க வேண்டியதாயிற்று. பராமரிப்பே இல்லாத கால்வாய். படகு நகருவதே பெரும்பாடு. ஆனாலும் போனது! அவரைப் பார்த்து மற்றப் படகுக்காரர்களும் நாங்களும் வருகிறோம் என்று எழுத ஆரம்பித்தார்கள். ஒவ்வொரு முறையும் பாலத்தைத் தூக்கியாக வேண்டும். ஒருவர் கூட வராவிட்டால் இந்த வழியை யாரும் பயன்படுத்தவில்லை என்று சொல்லியே மூடிவிடலாம். ஒரே ஒரு படகு வந்ததும் அந்தச் சாக்கு செல்லாமல் போயிற்று. கோஷம் இல்லை, ஊர்வலம் இல்லை. ஒரு கடிதம், ஒரு படகு. எனக்குப் பிடித்த போராட்டங்களில் இதற்குத் தனி இடம் உண்டு.

ஆனால் அதே ரோல்டை அதே சங்கம் 1951இல் வெளியேற்றியது. எல்லாக் கால்வாய்களையும் மீட்க வேண்டும் என்றார் ஐக்மன். சரக்குப் படகில் பிழைப்பவர்களின் வாழ்க்கைதான் முதலில் என்று நினைத்தார் ரோல்ட். யாருக்காகப் பேசுகிறோம் என்ற அந்தக் கேள்வி இன்றுவரை தீரவில்லை. அதனால்தான் 1963இல் படகில் குடியிருப்பவர்களுக்கென ஒரு சங்கம், 1991இல் படகு உரிமையாளர்களுக்கென ஒரு தேசியச் சங்கம், 2009இல் நிரந்தரத் துறை, அதாவது படகை எப்போதும் கட்டிவைக்கச் சொந்த இடம், இல்லாத நாடோடிப் படகு மக்களுக்கென ஒரு சங்கம் என்று அடுத்தடுத்து முளைத்தன.

[திரையில்: கால்வாய்க் கரை. ஒருவர் நடந்தபடி படகின் பதிவு எண்ணைக் குறித்துக்கொள்கிறார்.]

இனி 14 நாள் விதி. 1990இல் கால்வாய் நிர்வாகம் நாடாளுமன்றத்துக்கு ஒரு மசோதாவைக் கொண்டுபோனது. ஒவ்வொரு படகுக்கும் நிரந்தரமாகக் கட்டிவைக்க ஓர் இடம் கட்டாயம் என்பது அதன் ஆரம்ப நோக்கம். அது அப்படியே நிறைவேறியிருந்தால் நகர்ந்துகொண்டே வாழ்பவர்கள் எல்லோரும் ஒரே நாளில் சட்டத்துக்குப் புறம்பானவர்கள் ஆகியிருப்பார்கள். படகுக்காரர்கள் மனுப் போட்டார்கள், எம்.பி.க்கள் குழுவின் முன் வாதாடினார்கள். ஐந்தாண்டு இழுபறிக்குப் பிறகு 1995இல் வந்த சட்டத்தில், 17ஆவது பிரிவில், ஒரு மாற்று வழி சேர்ந்தது: நிரந்தரத் துறை இல்லாவிட்டாலும், படகை உண்மையாகவே பயணத்துக்குப் பயன்படுத்தி, ஓரிடத்தில் 14 நாளுக்கு மேல் தொடர்ந்து நிற்காமல் இருந்தால் உரிமம் உண்டு. நியாயமான காரணம் இருந்தால் கூடுதல் நாளும் நிற்கலாம்.

எத்தனை மைல் நகர வேண்டும்? சட்டத்தில் இல்லவே இல்லை! ‘இடம்’ என்றால் ஒரு பாலத்திலிருந்து அடுத்த பாலம் வரையா, ஓர் ஊரா? அதற்கும் விளக்கம் இல்லை. இந்த இடைவெளியில்தான் முக்கால்வாசிச் சண்டையும் நடக்கிறது. உரிமக் காலத்துக்குள் 15, 20 மைல் தூரத்துக்காவது போய்வராவிட்டால் பெரும்பாலும் திருப்தி அடைய மாட்டோம் என்று அறக்கட்டளை 2015இல் சொன்னது. பள்ளிக்கூடத்துக்குப் போகும் பிள்ளை உள்ள குடும்பத்துக்கு அது என்ன பாடு என்று யோசித்துப் பாருங்கள். பதினான்காம் நாள் காலையில் கரையில் அடித்த இரும்பு முளையைப் பிடுங்கி, ஈரக் கயிற்றைச் சுருட்டி, டீசல் இன்ஜினைக் கிளப்பி, மணிக்கு 4 மைல் என்ற உச்ச வேகத்தில் அடுத்த இடம் தேட வேண்டும். போய்ச் சேரும் இடத்தில் கரை காலியாக இருக்க வேண்டும், தண்ணீர்க் குழாய் பக்கத்தில் இருக்க வேண்டும். மறுநாள் காலை பள்ளிக்கூடத்துக்கு இரண்டு மடங்கு தூரம்.

கடைசியாகப் பணம். 2024 ஏப்ரல் முதல், நிரந்தரத் துறை இல்லாத படகுகளுக்கு உரிமக் கட்டணத்தோடு கூடுதல் தொகை வசூலிக்கிறார்கள். முதல் ஆண்டு 5 சதவீதம். படிப்படியாக ஏற்றி 2028இல் 25 சதவீதம். கரையை அதிகம் பயன்படுத்துபவர் அதிகம் தரட்டும் என்பது அறக்கட்டளையின் நியாயம். அரசு மானியம் குறையும் நிலையில் மதகுக் கதவுகளை யார் பணத்தில் பழுதுபார்ப்பது என்ற கவலையும் அவர்களுக்கு உண்மையாகவே இருக்கிறது. துறைக்கு வாடகை கட்டும் படகுக்காரர்களில் பலரும் இதை ஆதரிக்கிறார்கள்.

என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். அகலமான படகு அதிக இடத்தை அடைக்கிறது, அதற்குக் கூடுதல் கட்டணம் என்றால் ஏற்றுக்கொள்வேன். ஆனால் 1995 சட்டமே ஒப்புக்கொண்ட ஒரு வாழ்க்கை முறைக்குத் தனியாக விலை வைப்பது தவறு. அதுவும் வாடகை கொடுக்க வழியில்லாமல் படகுக்கு வந்தவர்கள் பலர் இருக்கும் காலத்தில்.

நீங்கள் அறக்கட்டளையின் நாற்காலியில் உட்கார்ந்திருந்தால், ஒழுகும் மதகுகளுக்கு யாரிடம் பணம் கேட்பீர்கள்? படகுக்காரரிடமா, கரையில் காலாற நடப்பவரிடமா, அரசிடமா? காரணத்தோடு எழுதுங்கள், ஒவ்வொன்றையும் படிக்கிறேன்.