நிலக்கரி வரும் வழி: லாரியா, ரயிலா, கப்பலா?

நேயர்களுக்கு வணக்கம்.

சரக்குப் போக்குவரத்து என்றதும், சாலை, ரயில், கடல் ஆகிய மூன்றில் எது மலிவு என்ற கேள்வியே முதலில் எழுகிறது. தமிழ்நாட்டு அனல்மின் நிலையங்களுக்கு ஒடிசாவிலிருந்து நிலக்கரி வரும் வழியைக் கூர்ந்து பார்த்தால், அது பாதிக் கேள்விதான் என்பது விளங்கும்.

தால்சேர் சுரங்கங்களில் வெட்டியெடுக்கப்படும் நிலக்கரி, ரயிலில் ஏறத்தாழ 200 கிலோமீட்டர் கடந்து பாரதீப் துறைமுகத்தை அடைகிறது. அங்கிருந்து கப்பலில் எண்ணூருக்கோ தூத்துக்குடிக்கோ வருகிறது. எண்ணூரில் இறங்கும் நிலக்கரியில் ஒரு பகுதி அருகிலுள்ள வடசென்னை அனல்மின் நிலையத்துக்குக் கன்வேயர் எனப்படும் நகரும் பட்டை வழியாகவே சென்றுவிட, இன்னொரு பகுதி மறுபடியும் ரயிலேறி மேட்டூர் போகிறது. தால்சேரிலிருந்து மேட்டூர் வரை இருப்புப்பாதை இருக்கும்போது எதற்காக இத்தனை முறை ஏற்றி இறக்க வேண்டும்?

கணக்கைப் பார்ப்போம். 210 மெகாவாட் அலகு ஒன்று முழுத் திறனில் இயங்கினால் நாளொன்றுக்கு 3,000 டன்னுக்கு மேல் நிலக்கரி தேவைப்படும். தூத்துக்குடியில் அத்தகைய அலகுகள் ஐந்து. லாரிக்கு 20 டன் என்று வைத்துக்கொண்டால் நாள்தோறும் 750 லாரிகளாவது வர வேண்டும். வந்த லாரிகளுக்குத் திரும்பும்போது லோடு கிடைப்பதும் அரிது. ஏறத்தாழ 58 வேகன்கள் கொண்ட ஒரு ரேக் 3,500 டன்னுக்குக் குறையாமல் சுமக்கும் என்பதால் நான்கைந்து ரேக்குகள் போதும். ஆனால் பயணிகள் ரயில்களுக்கு முன்னுரிமை உள்ள தடத்தில் அவை வழியில் பல நிலையங்களில் காத்துக் கிடக்க நேரும். 60,000 டன் கப்பல் ஒன்றோ ஏறக்குறைய நான்கு நாள் தேவையை ஒரே நடையில் கொண்டுவந்து சேர்க்கிறது. பாக் நீரிணையில் ஆழம் போதாததால் அது இலங்கையைச் சுற்றிக்கொண்டுதான் தூத்துக்குடிக்கு வர முடியும். அப்படியும் கடல்வழி கட்டுப்படியாகிறது.

நிலக்கரி அழுகுவதில்லை, தாமதமானாலும் தொடர்ந்து வந்தால் போதும். நாமக்கல் முட்டைக்கு இந்தக் கணக்குப் பொருந்தாது. பண்ணையில் ஏற்றிய லாரி கேரளத்துக் கடைவீதியில் நேரே இறக்கிவிடுகிறது. அதையே ரயிலில் அனுப்பினால், பண்ணையிலிருந்து நிலையத்துக்கும் நிலையத்திலிருந்து கடைக்கும் லாரி வேண்டியிருக்கும். இடையில் ஏற்றி இறக்கும் கூலியும் உடைசலும் ரயில் கட்டணத்தில் மிச்சமானதை விழுங்கிவிடும். சில நூறு கிலோமீட்டர் தூரத்துக்குள் லாரி வெல்வது இதனால்தான்.

ஆகவே சரக்கு ஓடும் தூரத்தைவிட, அது ஒரு வாகனத்திலிருந்து இன்னொன்றுக்குக் கைமாறும் இடத்தையே நாம் அதிகம் கவனிக்க வேண்டும் என்பது என் கருத்து. கொங்கண் ரயில்வே 1999 முதல் சரக்கு லாரிகளை அப்படியே ரயிலில் ஏற்றிச் செல்கிறது. சரக்கைத் தொடாமலே வழியை மாற்றும் இந்த ஏற்பாடு மற்ற தடங்களிலும் பரவலாக வேண்டும்.

கைமாறும் இடத்தின் செலவு பணம் மட்டுமன்று. சென்னைத் துறைமுகத்தில் நிலக்கரி கையாளப்பட்ட காலத்தில், சுற்றிலும் வாழ்ந்த மக்கள் அந்தத் தூசியைச் சுவாசித்தார்கள். உயர் நீதிமன்றத் தீர்ப்பால் 2011-இல் நிலக்கரியும் இரும்புத் தாதுவும் அங்கிருந்து எண்ணூர்ப் பக்கம் மாற்றப்பட்டன. மாற்றம் தேவையானதுதான், ஆனால் எண்ணூரிலும் மனிதர்கள்தாம் வாழ்கிறார்கள், அங்கும் மீனவக் குப்பங்கள் இருக்கின்றன. மூடிய கன்வேயர், குவியல்கள் மீது இடைவிடாத நீர்த்தெளிப்பு, மூடப்பட்ட வேகன்கள் ஆகியவற்றுக்கு ஆகும் தொகையைத் துறைமுகத்தின் தனிச்செலவாக ஒதுக்கிவிடாமல், ஒவ்வொரு டன்னின் போக்குவரத்துக் கட்டணத்திலேயே சேர்த்துக் கணக்கிட வேண்டும். அப்படிச் சேர்த்த பிறகும் கப்பல் வழி மலிவாகவே இருக்கும் என்று நான் நம்புகிறேன்.

நன்றி, வணக்கம்.