தோழியின் திருமணப் பூசையில் நற்கருணை வரிசை: ஒரு இந்து சகோதரியின் கேள்வி

எல்லோருக்கும் வணக்கம். இந்த வாரம் வந்த கேள்விகளில் ஒன்று என்னை விடவே இல்லை. கரூரிலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். அவர் இந்து. கல்லூரித் தோழியின் திருமணத்துக்காக முதன்முறையாக ஒரு கத்தோலிக்கக் கோயிலுக்குப் போயிருக்கிறார். பூசை முடியும் நேரத்தில் எல்லோரும் எழுந்து வரிசையாகப் போய் சாமியாரிடம் ஏதோ வாங்கிச் சாப்பிடுகிறார்கள். இவரும் எழுந்திருக்கிறார். பக்கத்தில் இருந்த ஒரு அம்மா கையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்துவிட்டாராம். "மரியாதைக்காகத்தான் எழுந்தேன். அது தப்பா? உங்கள் கோயிலுக்கு வந்தால் நான் எப்படி நடந்துகொள்ள வேண்டும்?" என்று கேட்கிறார்.

சகோதரி, உங்கள் மேல் தப்பே இல்லை. நீங்கள் வளர்ந்த வீட்டில் சாமி பிரசாதத்தை வேண்டாம் என்று சொல்வதுதான் தப்பு. கையில் கொடுத்தால் கண்ணில் ஒற்றிக்கொண்டு வாங்க வேண்டும். கொஞ்சம் வீட்டுக்கும் எடுத்துப் போக வேண்டும். அந்த மரியாதைதான் உங்களை எழ வைத்தது. இதை எங்கள் ஆட்கள் முதலில் புரிந்துகொள்ள வேண்டும்.

ஆனால் அந்த வரிசையில் சாமியார் கொடுப்பது நற்கருணை, அது பிரசாதம் இல்லை. புதுநன்மை, அதாவது முதன்முதலாக நற்கருணை வாங்குவது, பற்றிய வீடியோவில் இதை விரிவாகப் பேசியிருக்கிறேன், பார்த்தவர்களுக்குத் தெரியும். அந்த அப்பம் இயேசுவின் உடலாகவே மாறுகிறது என்பது எங்கள் நம்பிக்கை. குரு அதைக் காட்டி "கிறிஸ்துவின் திருவுடல்" என்கிறார். நாங்கள் "ஆமென்" சொல்லி வாங்குகிறோம். இதை நம்புகிறேன், இந்தத் திருச்சபையோடு ஒன்றாக இருக்கிறேன் என்று எல்லோர் முன்னாலும் வாக்குக் கொடுக்கிற நேரம் அது. நான் அடிக்கடி சொல்வதை இங்கேயும் சொல்கிறேன்: விருந்தாளி வரலாம், பார்க்கலாம், கேட்கலாம், கூடவே உட்கார்ந்து மன்றாடலாம். வாக்கு மட்டும் கொடுக்க வேண்டியதில்லை. மனதில் இல்லாத வாக்கை வாயால் சொல்ல வைப்பது உங்களுக்கும் மரியாதை இல்லை, எங்களுக்கும் இல்லை.

இன்னொன்றையும் தெரிந்துகொள்ளுங்கள். அந்த நேரத்தில் பெஞ்சிலேயே உட்கார்ந்திருப்பவர்களில் நிறைய பேர் கத்தோலிக்கர்கள்தான். புதுநன்மை வாங்காத பிள்ளைகள் போவதில்லை. நற்கருணை வாங்குவதற்கு முன்னால் ஒரு மணி நேரமாவது தண்ணீர், மருந்து தவிர எதுவும் சாப்பிட்டிருக்கக் கூடாது. சாவான பாவம், அதாவது மிகக் கனமான பாவம், செய்துவிட்டோம் என்று மனதில் உறுத்துகிறவர்கள், குருவிடம் அதைச் சொல்லி மன்னிப்புக் கேட்கும் பாவசங்கீர்த்தனம் செய்யாமல் போவதில்லை. தன்னைச் சோதித்துப் பார்த்த பிறகே இந்த அப்பத்தை உண்ண வேண்டும் என்று பைபிளில் பவுல் கொரிந்தியருக்கு எழுதிய முதல் கடிதத்தின் 11ஆம் அதிகாரத்திலேயே இருக்கிறது. அதனால் நீங்கள் உட்கார்ந்தே இருந்தால் யாரும் விசித்திரமாகப் பார்க்க மாட்டார்கள். தொடக்கக் காலத் திருச்சபையில், திருமுழுக்குக்கு (ஞானஸ்நானத்துக்கு) தயாரித்துக்கொண்டிருந்தவர்களைக்கூட மறையுரை முடிந்ததும் வெளியே அனுப்பிவிடுவார்கள். இன்று யாரையும் அனுப்புவதில்லை. முழுப் பூசையும் நீங்கள் இருக்கலாம்.

சில கோயில்களில், வாங்காதவர்கள் இரண்டு கைகளையும் மார்பில் குறுக்காக வைத்துக்கொண்டு வரிசையில் வந்தால் குரு ஆசீர் கொடுப்பார். எல்லா இடத்திலும் இந்த வழக்கம் இல்லை. தோழியிடம் முன்னாலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

மற்றதெல்லாம் எளிது. போனை அணைத்துவிடுங்கள். செருப்பைப் பொறுத்தவரை வாசலைப் பாருங்கள், குவியலாகக் கிடந்தால் கழற்றுங்கள். எல்லோரும் நிற்கும்போது நின்றால் அழகு. எழுந்தேற்றத்தில், அதாவது குரு அப்பத்தை உயர்த்திக் காட்டும்போது, எல்லோரும் முழங்காலில் இருப்பார்கள், நீங்கள் அமைதியாக உட்கார்ந்திருந்தால் போதும். சிலுவை அடையாளம் போட வேண்டாம். காணிக்கைப் பை வந்தால் போடலாம், அடுத்தவரிடம் அப்படியே நகர்த்தியும் விடலாம். ஒரே ஒரு இடத்தில் நீங்கள் கட்டாயம் கலந்துகொள்ள வேண்டும் என்று ஆசைப்படுகிறேன். சமாதானம் சொல்லும் நேரத்தில் எல்லோரும் பக்கத்தில் இருப்பவர்களைப் பார்த்துக் கைகூப்புவார்கள். இந்திய வழிபாட்டுக்கென்று உரோமையிலுள்ள திருச்சபைத் தலைமை 1969இல் அனுமதித்த 12 மாற்றங்களில் இந்தக் கைகூப்பலும் ஒன்று. உங்கள் வீட்டு வணக்கம்தான் அது. தாராளமாகச் செய்யுங்கள்.

திண்டுக்கல் பக்கம் ஒரு பூசையில் நான் நேரில் பார்த்ததைச் சொல்ல வேண்டும். பட்டுச் சேலை கட்டிய ஒரு இந்து அம்மா வரிசையில் வந்துவிட்டார். எங்கள் ஆட்கள் வலது கைமேல் இடது கையை வைத்து, உள்ளங்கையை விரித்து வாங்குவார்கள், அந்த இடத்திலேயே வாயில் போட்டுக்கொள்வார்கள். இந்த அம்மா திருநீறு வாங்குவதுபோல வலது கையைக் குழித்து நீட்டினார். சாமியார் கூட்டத்தில் கவனிக்கவில்லை. அந்த அம்மா வாங்கி, கண்ணில் ஒற்றி, கைக்குட்டையில் மடித்து இடுப்பில் செருகிக்கொண்டார். பார்த்துக்கொண்டிருந்த உபதேசியாருக்கு (கோயிலில் சாமியாருக்கு உதவுகிறவர்) உயிரே போய்விட்டது. ஆனால் அவர் கத்தவில்லை. பின்னாலேயே போய், குனிந்து, காதோடு காதாக என்னவென்று கேட்டார். வீட்டில் தாயார் படுக்கையில் இருக்கிறார், அவருக்குக் கொடுக்கத்தான் என்றார் அந்த அம்மா. உபதேசியார் விளக்கிச் சொல்லி, கைக்குட்டையோடு இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு போய் சாமியாரிடம் கொடுத்தார். பூசை முடிந்ததும் சாமியார் அந்த அம்மாவைத் தேடி வந்து, முகவரி கேட்டு, அன்று மாலையே வீட்டுக்குப் போய் அந்தப் பாட்டியின் தலையில் கைவைத்து ஜெபித்துவிட்டு வந்தார்.

இந்தக் கட்டுப்பாடு எங்களிடம் மட்டும் இருக்கிறது என்று நினைக்க வேண்டாம். மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்கு நானும் போயிருக்கிறேன். இந்து அல்லாதவர்கள் கருவறைக்குப் போக முடியாது. குளத்தையும் ஆயிரங்கால் மண்டபத்தையும் பார்த்துவிட்டு, போர்டு இருந்த இடத்தில் நின்றுகொண்டேன். அது அவர்களின் வீடு, அவர்களின் முறை. இதற்கு நேர்மாறானது சீக்கியர்களின் குருத்வாரா. அங்கே தலையை மூடிக்கொண்டு தரையில் உட்கார்ந்தால், நெய் மணக்கும் 'கடா பிரசாத்' என்ற கோதுமை அல்வாவை எந்த மதத்தவருக்கும் இரண்டு கையிலும் கொடுப்பார்கள். அப்புறம் லங்கர் என்ற பொதுச் சமையல்கூடத்தில் எல்லோருக்கும் ஒரே வரிசையில் சாப்பாடு. எங்களிடமும் அப்படி எல்லோருக்குமானவை இல்லாமல் இல்லை. தென் மாவட்டங்களில் திருவிழா அசனத்தில், அதாவது ஊருக்கே போடும் பொதுப் பந்தியில், யார் என்ன மதம் என்று யாரும் கேட்பதில்லை. வேளாங்கண்ணியில் மெழுகுவர்த்தி ஏற்றுகிறவர்களில், மொட்டை போடுகிறவர்களில் எத்தனையோ பேர் இந்துக்கள். விருந்தாளிகள் வாங்கக் கூடாதது ஒன்றே ஒன்று, அது நற்கருணை.

சரி, சகோதரி கேட்டதற்குப் பதில் சொல்லிவிட்டேன். ஆனால் இதே சம்பவத்தை வைத்து எங்கள் ஆட்களில் ஒருவர் எழுதியிருக்க வேண்டிய கேள்வி வேறு: "என் பக்கத்தில் ஒரு விருந்தாளி உட்கார்ந்திருந்தார், நான் என்ன செய்திருக்க வேண்டும்?" அந்தக் கேள்வி எனக்கு இதுவரை வரவே இல்லை. அதுதான் எனக்கு வருத்தம்.

கையைப் பிடித்து இழுத்த அந்த அம்மாவின் பக்தியை நான் குறை சொல்லவில்லை. நற்கருணை மேல் இருக்கிற பயபக்தியில் அப்படிச் செய்துவிட்டார். ஆனால் முக்கால் மணி நேரம் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாரே, அதற்குள் ஒரு தடவை திரும்பி, "முதல் தடவையா வர்றீங்களாம்மா? பாட்டுப் புத்தகம் பார்த்துக்கோங்க. கடைசியில் நாங்கள் எழுந்து போவோம், நீங்கள் இருங்கள், இதோ வந்துவிடுவேன்" என்று சொல்லியிருக்கலாமே! பொண்ணு வீட்டாருக்கும் இதில் பங்கு இருக்கிறது. பந்தியில் யாருக்கு எங்கே இடம் என்று அவ்வளவு யோசிக்கிறோம். கோயிலுக்குள் வருகிற இந்து, முஸ்லிம் நண்பர்கள் பக்கத்தில் விவரம் தெரிந்த ஒருவரை உட்கார வைக்கத் தோன்றுவதில்லை. இரு மதத்தினர் மணக்கும்போது பெரும்பாலும் பூசை இல்லாமலே திருமணச் சடங்கு நடப்பதால் இந்தச் சிக்கல் வராது. இருவரும் கத்தோலிக்கராக இருந்து பூசையோடு நடக்கிற திருமணங்களில்தான் வருகிறது. அங்கேதான் கூட்டத்தில் பாதிப் பேர் ஆபீஸ் நண்பர்களும் பக்கத்து வீட்டுக்காரர்களும்.

நற்கருணை நேரத்தில் மைக்கில் "திருமுழுக்குப் பெற்ற கத்தோலிக்கர்கள் மட்டும் வரவும்" என்று ஒரு அறிவிப்பு செய்கிறோம். உண்மைதான், தேவையும்கூட. ஆனால் எழுந்து நின்றுவிட்ட பிறகு அதைக் கேட்கிறவருக்கு எப்படி இருக்கும்? பங்கு இளையோர் குழுவில் இருக்கிறவர்கள் இந்த வாரமே பங்குத்தந்தையிடம் பேசுங்கள். வருகைப் பாடலுக்கு முன்னாலேயே ஒருவர் மைக்கில் சொல்லட்டும்: "பிற சமய நண்பர்களே, நீங்கள் வந்தது எங்களுக்கு மகிழ்ச்சி. நற்கருணை நேரத்தில் நாங்கள் முன்னே வரும்போது நீங்கள் அமர்ந்தபடியே மணமக்களுக்காக உங்கள் வழியில் மன்றாடுங்கள்." அரை நிமிடம்கூட ஆகாது.

அடுத்து, தூத்துக்குடியிலிருந்து ஞானப்பெற்றோர் பற்றி ஒரு கேள்வி. அதை அடுத்த வாரம் பார்ப்போம்.