அடுப்புகளை எண்ணிய ஆயர்

(காட்சி: பார்சலோனாவில் உள்ள, ஜெனரலிதாத் எனப்படும் கட்டலோனிய அரசின் மாளிகை முகப்பு)

2024இல் சால்வதோர் இல்யா, ஸ்பெயினின் தன்னாட்சிப் பகுதியான கட்டலோனியாவின் அரசுத் தலைவராகப் பொறுப்பேற்றபோது, அவரை 133ஆவது தலைவர் என்று குறிப்பிட்டார்கள். அந்த வரிசையைப் பின்னோக்கி எண்ணிக்கொண்டே போனால், முதலிடத்தில் நிற்பவர் மன்னரும் அல்லர், தளபதியும் அல்லர். ஜிரோனா மறைமாவட்டத்தின் ஆயர் (பிஷப்) பெரெங்கேர் தெ குரூயில்யெஸ்.

(காட்சி: பெரதல்யாதா ஊரின் கல் அகழி)

1310ஆம் ஆண்டையொட்டி, பெரதல்யாதா என்ற ஊரில், நிலப்பிரபுக் குடும்பம் ஒன்றில் அவர் பிறந்தார். பாறையைக் குடைந்து அகழி அமைத்திருக்கும் அந்த ஊரின் பெயருக்கே 'வெட்டிய கல்' என்றுதான் பொருள். 1348இல் கொள்ளைநோய் கட்டலோனியாவைச் சூறையாடிய காலத்தையொட்டி அவர் ஜிரோனாவின் ஆயரானார்.

ஆயரை அரசியலுக்குள் இழுத்தது போர். 1356இல், கட்டலோனியாவையும் ஆண்ட அரகோன் மன்னர் நான்காம் பேதுருவுக்கும் காஸ்டில் மன்னர் பேதுருவுக்கும் இடையே மூண்ட போர், 1359 ஜூன் மாதம் பார்சலோனாவின் கடற்கரைக்கே வந்துவிட்டது. காஸ்டில் கப்பற்படை நகரத்தைத் தாக்கியது. மன்னருக்கு உடனடியாகப் பணம் வேண்டியிருந்தது. ஆனால் கட்டலோனியாவில் 'கோர்த்ஸ்' எனப்படும் பேரவையின் இசைவில்லாமல் புதிய வரி விதிக்க மன்னரால் இயலாது. திருச்சபையினர், பிரபுக்கள், மன்னரின் ஆட்சிக்குட்பட்ட நகரங்களின் பிரதிநிதிகள் என மூன்று 'கைகள்' கொண்ட பேரவை அது.

(காட்சி: செர்வேரா நகரம்)

1359இல் செர்வேராவில் கூடிய பேரவை பணம் தர ஒப்புக்கொண்டது. ஆனால் அதை மன்னரின் கருவூலத்தில் கொட்டிவிடவில்லை. வரியைத் தாங்களே திரட்டி நிர்வகிப்பதற்காக 12 பிரதிநிதிகளையும், கணக்கைச் சரிபார்க்கக் 'கேட்பவர்கள்' என்ற அலுவலர்களையும் நியமித்து, இவர்களுக்கெல்லாம் மேலாகப் பெரெங்கேரை வைத்தது. வரி வீட்டுக்கு வீடு, அடுப்புக் கணக்கில் விதிக்கப்பட்டது. கொள்ளைநோய்க்குப் பின் எத்தனை அடுப்புகள் எரிகின்றன என்று எண்ணிப் பார்த்த அந்தப் பதிவுகள்தாம், இன்று அக்காலத்து மக்கள்தொகையை ஆராய்வோருக்குப் பெரும் புதையல்.

'முதல் தலைவர்' என்ற பட்டத்தைச் சற்றுக் கவனமாகத்தான் கையாள வேண்டும். அவர் காலத்தில் அப்படியொரு பதவி இருந்ததில்லை. திருச்சபைக் கையின் பிரதிநிதிக்கு மற்ற இரு கைகளின் பிரதிநிதிகளைவிட முன்னுரிமை தரும் மரபு பின்னாளில் நிலைபெற்றது. அதைக் கொண்டே பிற்கால வரலாற்றாசிரியர்கள் வரிசையைத் தொகுத்து, அதன் தலைப்பில் அவர் பெயரை எழுதினார்கள். உண்மையில் அவர் தலைமையேற்றது ஒரு வரிவசூல் குழுவுக்கு.

1362 ஜூலை மாதம் ஜிரோனாவில் ஆயர் இறந்தபோதும் போர் முடிந்திருக்கவில்லை. லெரிதாவின் ஆயர் ரொமேயு செஸ்கோமெஸ் அவருக்கு அடுத்து வந்தார். போர்ச்செலவுக்காக வாங்கிய கடனுக்கு ஆண்டுதோறும் வட்டி கட்ட வேண்டியிருந்ததால், தற்காலிகமாக அமைக்கப்பட்ட குழுவைக் கலைக்க முடியாமலே போயிற்று; அதுவே ஜெனரலிதாத் ஆயிற்று. 1716இல் ஸ்பெயின் மன்னர் ஐந்தாம் பிலிப்பின் ஆணை ஒழித்துக்கட்டும் வரை அது நீடித்தது.