சேட்டக்குக்கு முதுகில் எஞ்சின், எஸ்-55க்கு ஏன் மூக்கில்?

குடியாத்தத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "டெல்லி பாலம் விமானப்படை அருங்காட்சியகத்தில் ஒரு பழைய ஹெலிகாப்டர் பார்த்தேன். மூக்கு உப்பியிருக்கிறது, பைலட் மாடியில் உட்கார வேண்டியிருக்கிறது. நம்ம அரக்கோணம் பக்கம் பறப்பது இப்படி இல்லையே, ஏன் அண்ணா?"

அருமையான கேள்வி தம்பி. நீங்கள் பார்த்தது அமெரிக்காவின் சிகோர்ஸ்கி நிறுவனம் செய்த எஸ்-55. முதலில் பறந்தது 1949 நவம்பரில். நம் விமானப்படைக்கு 1954இல் வந்த முதல் ஹெலிகாப்டரும் இதுதான். அந்த மூக்குக்குள் இருப்பது எஞ்சின்.

இதற்கு முந்தைய எஸ்-51இல் எஞ்சின் நடுவில், ஆட்கள் முன்னால். மாட்டுவண்டியில் முன்பாரம், பின்பாரம் என்போமே, அந்தத் தொல்லைதான். ஆள் ஏறினால் ஒரு மாதிரி சாயும், இறங்கினால் வேறு மாதிரி. எஸ்-55இல் எஞ்சினை முன்னால் தள்ளிவிட்டு, மேலே சுற்றும் விசிறிக்கு நேர் கீழே சுமைக்கு இடம் விட்டார்கள். அங்கே பத்துப் பேர் ஏறினாலும் சரி, காலியாகப் போனாலும் சரி, சமநிலை பெரிதாக மாறாது. அதனால்தான் ஒரே ஹெலிகாப்டரில் வீரர்களை ஏற்றினார்கள், ஆறு ஸ்ட்ரெச்சர் மாட்டினார்கள், கதவுக்கு மேல் கயிறு இழுக்கும் விஞ்ச் வைத்துக் கடலில் தத்தளித்தவர்களையும் தூக்கினார்கள். என்னைக் கேட்டால், இந்த இடமாற்றம்தான் அந்த ஹெலிகாப்டரின் மொத்த மூளையும்.

சரி, பைலட் ஏன் மாடியில்? எஞ்சினைச் சாய்த்து வைத்திருக்கிறார்கள். அதிலிருந்து கிளம்பும் ஷாஃப்ட் என்ற சுழலும் தண்டு, பைலட்டுகளின் இருக்கைகளுக்கு நடுவே சரிவாக ஏறி மேலே விசிறியைச் சுற்றும் கியர்பாக்ஸைப் பிடிக்கிறது. கீழே எஞ்சினும் சுமை அறையும் இடத்தை எடுத்துக்கொண்டதால் பைலட் மேலே போனார். அடுத்த முறை போனால் பக்கவாட்டில் பாருங்கள், அவர் கால் வைத்து ஏறுவதற்கான குழிகள் தெரியும். மூக்கும் இரண்டு கதவாக விரியும். மெக்கானிக் தரையில் நின்றபடியே ஒன்பது சிலிண்டர் எஞ்சினில் கை வைக்கலாம். வேலை செய்கிறவரை நினைத்துச் செய்த வடிவம் அது.

அப்புறம், அரக்கோணம். அங்குள்ள கடற்படை விமானத்தளமான ஐ.என்.எஸ். ராஜாளியில் கடற்படை பைலட்டுகள் பயிற்சி எடுக்கும் சேட்டக் ஹெலிகாப்டரில் இருப்பது டர்பைன் எஞ்சின், அதாவது பிஸ்டன் இல்லாமல் சூடான வாயுவால் சுழலும் வகை. எஸ்-55இன் பிஸ்டன் எஞ்சின் மட்டும் 400 கிலோவுக்கு மேல். சேட்டக்கின் டர்பைன் அதில் பாதிகூட இல்லை. எடை குறைந்ததும் எஞ்சின் முதுகில் ஏறிவிட்டது, பைலட் கண்ணாடிக்குப் பின்னால் முன்வரிசைக்கு வந்துவிட்டார்.