தெத்துவானில் ஒரு வெள்ளிக்கிழமை

அவையோர் அனைவருக்கும் வணக்கம்.

வெளிநாட்டுக்குப் படிக்கச் செல்லவிருக்கும் மாணவர்களுக்குப் பயன்படும்படி ஏதேனும் பேச வேண்டும் என்று என்னைக் கேட்டுக்கொண்டார்கள். விண்ணப்பம், உதவித்தொகை, விடுதி ஆகியவற்றைப் பற்றி என்னைவிட நன்றாகச் சொல்லக்கூடியவர்கள் இந்த அவையிலேயே இருக்கிறார்கள். ஆகவே தென் ஸ்பெயினில் கிரனாடா நகரில் நான் படித்த காலத்தில், ஒரு நீண்ட வார இறுதியில் கடலைக் கடந்து மொராக்கோவுக்குச் சென்று வந்த கதையை மட்டும் சொல்ல எண்ணுகிறேன்.

ஐரோப்பாவில் படிக்கும் மாணவர்களிடையே வார இறுதிப் பயணம் ஒரு சடங்காகவே ஆகிவிட்டது. ஐரோப்பிய நாடுகளுக்கிடையே மாணவர்களை அனுப்பிவைக்கும் எராஸ்மஸ் திட்டம் 1987-இல் தொடங்கியது. அப்படி வருபவர்கள் மிகுதியாகக் கூடும் ஊர்களில் கிரனாடாவும் ஒன்று. அங்கே ஒவ்வொரு வெள்ளிக்கிழமை மாலையும் விடுதியே காலியாகிவிடும். மூன்று நாளில் நான்கு ஊர்களைப் பார்த்துவிட்டுத் திங்கட்கிழமை காலையில் தூங்கி வழிந்துகொண்டு வகுப்புக்கு வருவார்கள். நானும் அப்படிச் சில முறை போயிருக்கிறேன். எந்த ஊரில் எதைப் பார்த்தேன் என்பது இன்று என் கைப்பேசியில் உள்ள படங்களுக்குத்தான் தெரியும்.

கிரனாடா அடங்கிய தென் ஸ்பெயின் மாநிலமான அந்தலூசியாவின் நாள் பிப்ரவரி 28. 2025-இல் அது வெள்ளிக்கிழமையன்று வந்தது. மூன்று நாள் விடுமுறை கிடைத்தது. என்னுடன் படித்த மொராக்கோ மாணவன் ஒருவன், ரமலான் தொடங்குமுன் வீட்டுக்குப் போகிறேன், நீங்களும் வாருங்கள் என்று எங்களை அழைத்தான். அவனுடைய ஊர் வட மொராக்கோவில் உள்ள தெத்துவான். இத்தாலியர் இருவரும் ஜெர்மானியர் ஒருவரும் உடனே கிளம்பச் சம்மதித்தார்கள். அவர்களுக்கு விசா தேவையில்லை. இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருந்த நான் மின்-விசாவுக்கு விண்ணப்பித்துவிட்டு, அது வருமா வராதா என்று நாள் எண்ணிக்கொண்டிருந்தேன். இதைக் குறையாகச் சொல்லவில்லை. வகுப்புத் தோழர்கள் திடீரென்று ஒரு பயணத்துக்கு அழைக்கும்போது நம் பிள்ளைகள் தயங்குவதைக் கூச்சம் என்று பிறர் எண்ணிக்கொள்கிறார்கள். பெரும்பாலும் அதற்குக் காரணம் கையில் இருக்கும் அந்தச் சிறு புத்தகம்தான் என்பதால் சொல்கிறேன்.

ஸ்பெயினின் தரிஃபா துறைமுகத்திலிருந்து மொராக்கோவின் தாஞ்சியருக்குக் கப்பலில் ஒரு மணி நேரம். ஜிப்ரால்ட்டர் நீரிணையின் மிகக் குறுகிய இடத்தில் இரு கண்டங்களுக்கும் இடையே 14 கிலோமீட்டர்தான் இருக்கும். வானம் தெளிவாக இருந்தால் எதிர்க்கரை மலையில் உள்ள வெண்ணிற வீடுகள் தெரியும். ரமலானை முன்னிட்டு மொராக்கோ கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்கு வைத்திருந்ததால், ஒன்பது மணிக்குப் புறப்பட்ட நாங்கள் ஒன்பது மணிக்கே போய்ச் சேர்ந்தோம். கப்பலில் எல்லோரும் இதைச் சொல்லிச் சிரித்தார்கள். இதே கடலில், 1988 நவம்பர் 1 அன்று, அனுமதியின்றிச் சிறு படகில் கடக்க முயன்றவர்களின் உடல்கள் தரிஃபா கடற்கரையில் ஒதுங்கின. அதற்குப் பின் அப்படி இறந்தவர்களுள் பெயர் தெரியாத சிலரை அந்த ஊர்க் கல்லறைத் தோட்டத்திலேயே அடக்கம் செய்திருக்கிறார்கள். ஒரு சீட்டு வாங்கி ஒரு மணி நேரத்தில் நாம் கடந்துவிடும் தூரம் எல்லோருக்கும் ஒரே தூரமல்ல.

தாஞ்சியர் நம்மோடு தொடர்புள்ள ஊர் என்பது பலருக்குத் தெரிந்திருக்காது. 1304-இல் அங்கே பிறந்த உலகப் பயணி இபின் பதூதாதான் பின்னாளில் மதுரைக்கு வந்தார். அன்றைய மதுரை சுல்தான் கியாசுத்தீன் அவருக்குச் சகலை முறை. உறவினராயிற்றே என்று பூசி மெழுகாமல், அந்தச் சுல்தான் செய்த கொடுமைகளையும் ஊரை வாரிக்கொண்டுபோன கொள்ளைநோயையும் அவர் வெளிப்படையாகப் பதிவு செய்தார். தம் நெடும் பயணத்தை முடித்துத் திரும்பிய பின் கிரனாடாவுக்கும் போய்வந்தார். அவர் சொல்லச் சொல்லத் தொகுத்து எழுதிய இபின் ஜுஸய் கிரனாடாக்காரர். தாஞ்சியர், கிரனாடா, மதுரை என்ற மூன்று பெயர்களையும் ஒரே வாழ்க்கைக்குள் பார்த்த பிறகு, அறிமுகமில்லாத நாட்டுக்கு வந்திருக்கிறோம் என்ற நினைப்பு எனக்குச் சற்றே ஆட்டம் கண்டது.

தெத்துவான் அதை மேலும் அசைத்தது. 1492-இல், அதுவரை முஸ்லிம்கள் ஆண்ட கிரனாடா ஸ்பெயினின் கத்தோலிக்க அரசர்களிடம் வீழ்ந்தது. அதையொட்டிய ஆண்டுகளில் கடலைக் கடந்து வெளியேறிய மக்கள், சீதி அல்-மந்தரி என்ற கிரனாடாத் தளபதியின் தலைமையில் பாழடைந்து கிடந்த தெத்துவானை மறுபடி கட்டி எழுப்பினார்கள். 1609 முதல் 1614 வரை ஸ்பெயின் வெளியேற்றிய மொரிஸ்கோக்களில், அதாவது கிறிஸ்தவத்துக்கு மாற்றப்பட்ட முஸ்லிம்களின் வழிவந்தவர்களில், பலரும் அங்கே வந்து சேர்ந்தார்கள். அதனால்தான் அந்த ஊரைக் 'கிரனாடாவின் மகள்' என்று அழைக்கிறார்கள். கிரனாடாவின் பழைய குடியிருப்பான அல்பைசினில் நான் தினமும் நடந்து வகுப்புக்குப் போன சந்துகளின் மறுபதிப்பு, சுண்ணாம்புச் சுவரும் பச்சைக் கதவுமாக, கடலுக்கு இந்தப் பக்கம் இருந்தது. அதோடு 1912 முதல் 1956 வரை ஸ்பெயினின் ஆளுகையில் இருந்த வட மொராக்கோவுக்குத் தெத்துவானே தலைநகராகவும் இருந்தது; வயதானவர்கள் எங்களிடம் ஸ்பானிய மொழியிலேயே பேசினார்கள். வீட்டில் ஓர் அரபு, செய்தித்தாளில் வேறோர் அரபு என்று தோழன் விளக்கியபோது ஐரோப்பியத் தோழர்கள் வியந்தார்கள். மேடைத் தமிழ் பேசிக்கொண்டிருக்கும் என்னைப் போன்றவருக்கு அதில் வியக்க எதுவுமில்லை.

இவ்வளவு ஒற்றுமைகளைக் கண்டு தெம்படைந்திருந்த நான் தடுமாறியது சாப்பாட்டில்தான்.

தோழனுடைய தாயாரை 'ஃகால்தி' என்று அழைக்க வேண்டும் என்று அவன் சொல்லிக்கொடுத்திருந்தான். தாயுடன் பிறந்தவளைக் குறிக்கும் சொல் அது. நம் கணக்கில் பெரியம்மா அல்லது சித்தி. வெள்ளிக்கிழமைத் தொழுகை முடிந்து ஆண்கள் வீடு திரும்பியதும், தாழ்வான வட்ட மேசையின் நடுவே இரண்டு முழம் அகலமுள்ள மண் தட்டு ஒன்றைக் கொண்டுவந்து வைத்தார் அவர். ஆவியில் மூன்று முறை வெந்த கூஸ்கூஸ் என்ற கோதுமைக் குருணை குவியலாக, அதன் மேல் பூசணி, கேரட், முட்டைக்கோஸ், கொண்டைக்கடலை, அடியில் மறைந்து ஆட்டிறைச்சி. ஒன்பது பேருக்கு ஒரே தட்டு. எங்களுக்கு மட்டும் கரண்டி கொடுத்தார்கள். கையால் சாப்பிடத் தெரியாத என் தோழர்கள் கரண்டியை எடுத்துக்கொண்டு கவலையில்லாமல் தொடங்கிவிட்டார்கள். கையால் சாப்பிட்டே வளர்ந்த நான், கரண்டியை ஒதுக்கிவிட்டுக் கையை நீட்டியும் தட்டைத் தொட முடியாமல் உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் இருந்தவர் வாய்க்குக் கொண்டுபோன விரல்கள் மறுபடி அதே தட்டுக்குள் இறங்குகின்றன. எச்சில் என்ற ஒரு சொல், படிப்பும் பயணமும் எல்லாம் தாண்டி, என் தொண்டையில் வந்து நின்றது. அதற்கு அரபியிலோ ஸ்பானியத்திலோ என்ன சொல்வது என்றும் தெரியவில்லை. தெரிந்திருந்தாலும் அந்த மேசையில் சொல்லியிருக்க மாட்டேன்.

சற்று நேரம் கவனித்த பிறகுதான் அதன் ஒழுங்கு எனக்குப் புரிந்தது. எவரும் தமக்கு நேர் எதிரே உள்ள பகுதியைத் தாண்டவில்லை. வலக்கையின் மூன்று விரல்களால் எடுத்து உள்ளங்கையில் குலுக்கி உருண்டையாக்கி வாயில் போட்டுக்கொள்கிறார்கள். விரல் உதட்டைத் தொடாதபடி கட்டைவிரலால் தள்ளுகிறார்கள். தட்டு ஒன்றே ஒன்றுதான், ஆனால் வயலில் இருப்பதுபோல் கண்ணுக்குத் தெரியாத வரப்புகள் அதில் இருந்தன. நடுவில் இருக்கும் இறைச்சி யாருக்கும் சொந்தமல்ல; வீட்டுக்காரர்தான் அதைப் பிய்த்து ஒவ்வொருவர் பங்கின் ஓரத்திலும் வைக்கிறார். என் பக்கத்தில் ஒன்றும் குறையாததைப் பார்த்த ஃகால்தி, எனக்குப் பிடிக்கவில்லை என்று எண்ணாமல், வெட்கப்படுகிறேன் என்று எண்ணி, மூன்று துண்டுகளை என் வரப்புக்குள் தள்ளிவிட்டார். அதற்கு மேல் சாப்பிடாமல் இருப்பது எங்கள் ஊர் வழக்கப்படியும் மரியாதையல்ல. என் முதல் உருண்டை பாதி வழியில் உதிர்ந்து மடியில் விழுந்தது. அவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். இரண்டாவது உருண்டை வாய்க்குள் போயிற்று.

மறுநாள் செஃப்சவுன் போனோம். 1471-இல் எழுந்த மலையூர், நீலச் சுவர்களுக்குப் பேர்போனது. ஏன் நீலம் என்று கேட்டால் கடைக்குக் கடை ஒரு காரணம் சொல்கிறார்கள். படமெடுத்துக்கொண்டு திரும்பினோம், அதைப் பற்றிச் சொல்ல எனக்கு வேறு எதுவுமில்லை. அன்று மாலை சமையலறைத் தரையில் உட்கார்ந்து, ரமலானுக்காக வீட்டுப் பெண்கள் செய்துகொண்டிருந்த ஷெபாக்கியா என்ற இனிப்பின் மாவை மடித்துக்கொடுத்ததுதான் நினைவில் நிற்கிறது. கீறிய மாவை விரல்களில் கோத்துப் பூப்போல் முறுக்கி, எண்ணெயில் பொரித்து, தேனில் முக்கி, எள் தூவுகிறார்கள். தீபாவளிக்கு முந்தைய நாள் நம் வீடுகளில் எழும் அதே எண்ணெய் வாடை, அதே அதட்டல், அதே 'இப்போது தின்னக் கூடாது'. இரவில் பிறை தெரிந்ததாகத் தொலைக்காட்சியில் அறிவித்தார்கள்.

மாணவ நண்பர்களே, இரண்டரை நாளில் மொராக்கோவை அறிந்துகொண்டேன் என்று நான் சொன்னால் நீங்கள் நம்ப வேண்டாம். அந்த வீட்டில் பெண்கள் எதைப் பேசிச் சிரித்தார்கள் என்பதில் பாதிகூட எனக்குப் புரியவில்லை. எச்சில் பற்றிய என் அருவருப்பும் அங்கேயே முழுதாகப் போய்விடவில்லை. ஆயினும், நான்கு ஊர்களைச் சுற்ற நேரம் கிடைத்தால் அதில் மூன்றை விட்டுவிட்டு, உடன் படிப்பவர் வீட்டுக்கு அழைத்தால் அங்கே போங்கள் என்பேன். வேடிக்கை பார்ப்பவரிடம் எவரும் எதையும் எதிர்பார்ப்பதில்லை, விருந்தாளியிடம் எதிர்பார்க்கிறார்கள். அந்த எதிர்பார்ப்புக்கு முன்னால்தான் நம் பழக்கம் எது, நம் பிடிவாதம் எது என்று நமக்கே தெரியவருகிறது.

ஞாயிறு காலையில் வீட்டில் எல்லோரும் நோன்பு. எங்களுக்கு மட்டும் ஃகால்தி தேநீர் போட்டுக்கொடுத்து, தெருமுனை அடுப்பில் முந்தைய மாலை சுட்டுவந்த வட்ட ரொட்டிகளைத் துணியில் கட்டித் தந்தார். வழியில் பசிக்கும், பயணிக்கு நோன்பில்லை என்றார். தரிஃபாவில் இறங்கியதும் ஐரோப்பியக் கடவுச்சீட்டு வைத்திருந்த தோழர்கள் பத்து நிமிடத்தில் வெளியே போய்விட்டார்கள். நான் நின்ற வரிசை நகரவில்லை. எனக்கு முன்னால் இரண்டு சிறுவர்களோடு ஒரு மொராக்கோக்காரர் நின்றுகொண்டிருந்தார். மூட்டையை அவிழ்த்து ஒரு ரொட்டியைப் பிய்த்துப் பிள்ளைகளிடம் நீட்டினேன். சின்னவன் வாங்கிக் கடித்துவிட்டு, மீதியை என்னிடமே திருப்பிக் கொடுத்தான். அதைத் தின்றுகொண்டே வரிசையில் நகர்ந்தேன்.