ஹெலிகாப்டருக்கு மஞ்சள் போர்டு கிடையாது! அட்வான்ஸ் கொடுக்கும் முன் இதைப் பாருங்கள்

வணக்கம் நண்பர்களே. கும்பாபிஷேகத்துக்கு ஹெலிகாப்டரில் பூ தூவலாம் என்று கமிட்டி முடிவு செய்துவிட்டதா? அட்வான்ஸ் பணத்தைக் கையிலேயே வைத்துக்கொண்டு இந்த வீடியோவைப் பாருங்கள்.

(திரையில்: தர்மபுரி நாலு ரோடு)

"சேலம், சேலம்" என்று கூப்பிடுகிறார் ஒரு டிரைவர். காரில் வெள்ளை போர்டு. சொந்த உபயோகத்துக்கு வாங்கிய வண்டி, வாடகைக்கு ஓட்டக் கூடாது. தொப்பூர் கணவாயில் ஏதாவது ஆகிவிட்டால், இன்சூரன்ஸ்காரர் முதலில் விசாரிப்பது "காசு வாங்கி ஏற்றினாரா?" என்பதைத்தான். மஞ்சள் போர்டைப் பார்த்து ஏறு என்று நம் வீட்டுப் பெரியவர்களே சொல்வார்கள்.

வானத்தில் அந்த வசதி இல்லை. வாடகை ஹெலிகாப்டரோ, ஒரு முதலாளியின் சொந்த ஹெலிகாப்டரோ, இந்தியாவில் பதிவானது என்றால் எழுதியிருப்பது 'விடி' (VT) என்று தொடங்கும் ஐந்து ஆங்கில எழுத்துதான். கலரில் வித்தியாசமே கிடையாது! இது தெரிந்தபோது எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. வித்தியாசமெல்லாம் காகிதத்தில். மத்திய அரசின் விமானப் போக்குவரத்து இயக்குநரகமான டிஜிசிஏ கொடுக்கும் என்எஸ்ஓபி, அதாவது கால அட்டவணை இல்லாமல் வாடகைக்கு ஓட்டும் பெர்மிட் இருந்தால்தான் சார்ட்டராக, காசு வாங்கி ஆள் ஏற்றலாம்.

காகிதம்தானே என்று நினைக்காதீர்கள். 2019 ஜனவரி 21. கால்பந்து வீரர் எமிலியானோ சாலா, வயது 28. பிரான்சின் நான்ட் நகரிலிருந்து கார்டிஃபுக்கு ராத்திரியில் ஒரு சின்ன விமானத்தில் புறப்பட்டார். பைலட்டிடம் இருந்தது பிரைவேட் லைசென்ஸ். காசுக்கு ஆள் ஏற்றவும் முடியாது, இரவில் ஓட்டவும் தகுதி இல்லை. விமானத்துக்கும் வாடகை பெர்மிட் இல்லை. ஆங்கிலக் கால்வாயில் விழுந்தது. இறந்துபோன சாலாவின் ரத்தத்தில் கார்பன் மோனாக்சைடு என்ற விஷ வாயு ஏராளமாக இருந்தது. பயணத்தை ஏற்பாடு செய்தவருக்கு 18 மாதச் சிறை.

சரி, நாம் என்ன செய்வது? போனில் பேசுகிறவர் பெரும்பாலும் புரோக்கர்தான். "ஓட்டுகிற கம்பெனி எது?" என்று கேளுங்கள். டிஜிசிஏ இணையதளத்தில் இருக்கும் பட்டியலில் அந்தப் பெயரைத் தேடுங்கள். பெர்மிட் நகலை வாட்ஸ்அப்பில் வாங்கி, அந்த ஐந்து எழுத்தையும் குறித்து வையுங்கள். மைதானத்தில் இறங்கியதும் ஹெலிகாப்டரில் இருக்கும் எழுத்தோடு ஒத்துப் பாருங்கள். மாறியிருந்தால், அதற்கும் பெர்மிட் காட்டும்வரை, கூடை கூடையாக ஓசூர் ரோஜா காத்திருந்தாலும் யாரையும் ஏற விடாதீர்கள்.

"தெரிந்தவர் ஹெலிகாப்டர்தான், பெட்ரோல் காசு மட்டும் கொடுங்க, பில்லெல்லாம் வேண்டாம்" என்றால் பேச்சை அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

இந்த வீடியோவை உங்கள் கோயில் கமிட்டி குரூப்பில் இப்போதே போடுங்கள். தர்மகர்த்தா கண்ணில் படட்டும்.