டி-சர்ட்டில் ஏறிய நெடுஞ்சாலைப் பலகைகள்

(திரையில்: கறுப்பு டி-சர்ட்டின் மார்பில், மண்வெட்டி வடிவத்துக்குள் '1' என்ற எண்)

அமெரிக்காவில் மாநில நெடுஞ்சாலைகளின் எண் பலகை எந்த வடிவில் இருக்க வேண்டும் என்பதை அந்தந்த மாநிலமே முடிவு செய்கிறது. சில மாநிலங்கள் வட்டத்துக்குள் எண்ணை எழுதியதோடு நிறுத்திக்கொண்டன. அதைச் சட்டையில் போட்டால் எந்த ஊர்ச் சாலை என்றே தெரியாது. ஆனால் கான்சாஸ் சூரியகாந்தியையும், யூட்டா தேன்கூட்டையும், வாஷிங்டன் மாநிலம் ஜார்ஜ் வாஷிங்டனின் தலையையும் தேர்ந்தெடுத்ததால், அவற்றின் பலகைகள் சட்டையில் ஏறியதுமே மாநிலத்தின் பெயரைச் சொல்லிவிடுகின்றன.

நியூ ஹாம்ப்ஷயர் கதை விசித்திரமானது. அதன் பலகையில் இருப்பது மனித முகம்போல் தோன்றிய ஒரு மலைப்பாறை. அந்தப் பாறை 2003 மே 3 அன்று இடிந்து விழுந்துவிட்டது, பலகையில் மட்டும் முகம் அப்படியே இருக்கிறது.

(திரையில்: கலிஃபோர்னியாவின் பழைய, புதிய பலகைகள் அருகருகே)

கலிஃபோர்னியாவின் மண்வெட்டி, 1849இல் தங்கம் தேடி வந்தவர்களின் நினைவாக வைக்கப்பட்டது. 1934இல் வந்த வடிவத்தில் வெள்ளைப் பின்னணியும் கறுப்பு எண்ணும், எண்ணுக்கு மேலே ஒரு கரடியும் இருந்தன. 1964இல் அது பச்சையாக மாறியது, அந்தப் பச்சைப் பலகையில் கரடி இல்லை. ஆகவே 1950களின் பலகை என்று சொல்லி விற்கப்படும் சட்டையில் பச்சை மண்வெட்டி இருந்தால், வரைந்தவர் பழைய படத்தைப் பார்க்கவில்லை என்று பொருள்.

'ரூட் 66' என்று புகழ்பெற்ற 66ஆம் எண் சாலை மாநிலச் சாலையன்று. எட்டு மாநிலங்கள் வழியாகச் சென்ற தேசிய எண் சாலை. இருப்பினும் 1926இல் வகுக்கப்பட்ட கேடய வடிவத்தின் உச்சியில் மாநிலத்தின் பெயர் எழுதப்பட்டிருந்தது, 1961இல்தான் அந்தப் பெயர் நீக்கப்பட்டது. பழைய பாணியில் அச்சிட்டால் ஒரே எண்ணுக்கு எட்டுச் சட்டைகள் கிடைக்கும்.

ஒன்றிரண்டு தட்டையான நிறங்களே இருப்பதால் இவ்வடிவங்கள் ஸ்கிரீன் பிரிண்டிங்குக்கு (சல்லடைத் துணி வழியே மையைத் தள்ளி அச்சிடும் முறை) மிகப் பொருத்தமானவை. ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு ஸ்கிரீன் போதும். சிக்கல் 'பழமையை' வரைவதில்தான் வருகிறது. தகட்டில் எண்கள் புடைப்பாக அழுத்தப்பட்டிருந்ததால், பெயின்ட் முதலில் உதிர்வது புடைத்த விளிம்புகளிலும் போல்ட் துளைகளைச் சுற்றியும்தான். படம் முழுவதும் ஒரே கீறலைத் தூவிவிடுவது சோம்பேறித்தனம் என்றே சொல்வேன்.

விற்பனைக்கு அச்சிடுவோர் உரிமையையும் கவனிக்க வேண்டும். தேசியப் போக்குவரத்துக் குறியீட்டுக் கையேட்டில் உள்ள வடிவங்கள் யாரும் பயன்படுத்தக்கூடியவை என்று அக்கையேடே கூறினாலும், இன்டர்ஸ்டேட் எனப்படும், மாநிலங்களை இணைக்கும் விரைவுச்சாலைகளின் சிவப்பு-நீலக் கேடயத்துக்கு அதிலிருந்து விலக்கு உண்டு. அது பதிவு பெற்ற வணிகச் சின்னம். மாநிலங்களின் தனி வடிவங்களுக்கு, அச்சிடும் முன் அந்தந்த மாநிலத்தின் விதியைப் பார்த்துவிடுவது நல்லது.